வெள்ளை உடை மரபாம். முழுக்கை உடை பிற்போக்காம்!



ஆண்டுதோறும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி தொடங்கும் காலத்தில் நம் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரு புகழுரை தவறாமல் இடம்பெறும். 1877ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டி. எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிச் சீராக்கப்பட்ட புல்தரை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திய ஆட்டக்காரர்கள். "என்னே கட்டுப்பாடு! என்னே மரபு!" என்று வியந்து எழுதுவார்கள்.

கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ ஒரு பள்ளி மைதானத்தில், முழுக்கால் சட்டையும் முழுக்கை மேலாடையும் தலைத்துணியும் அணிந்து ஓட விரும்பும் முஸ்லிம் சிறுமியைக் கண்டால் இதே நாவுகள் வேறு மொழி பேசுகின்றன. "விளையாட்டில் மதம் எதற்கு? இப்படி மூடிக்கொண்டு எப்படி ஓடுவாள்?" என்று கேட்கின்றன. விளையாட்டில் உடைக்கு விதி வகுப்பது குற்றமென்றால் விம்பிள்டனும் குற்றவாளியே. குற்றமில்லை என்றால், ஒரு பெண் தன் ஈமானின் பொருட்டுத் தனக்கென்று ஏற்றுக்கொண்ட விதி மட்டும் எவ்வாறு பிற்போக்காகும்?

இக்கேள்வி ஊராருக்கு உரியது. இதைவிடக் கடினமான ஒரு கேள்வி நமக்கும் இருக்கிறது. அதற்கும் வருவோம்.

ஒரு சென்டிமீட்டர் விதி

விம்பிள்டனின் வெள்ளை விதி எவ்வளவு கடுமையானது என்பதைப் பலர் அறியார். 1963ஆம் ஆண்டு முதல் உடை பெரும்பாலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார்கள். 1995இல் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையே என்று இறுக்கினார்கள். பாலேடு போன்ற வெளிர் நிறமும் அங்கே வெள்ளையாகக் கருதப்படாது. கழுத்துப்பட்டியிலோ கைமுனையிலோ வண்ணக்கரை இருந்தால் அதன் அகலம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஏழு முறை பட்டம் வென்றிருந்த ரோஜர் பெடரர் 2013இல் ஆரஞ்சு நிற அடிப்பாகம் கொண்ட காலணியுடன் ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு அதை அணியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலணியின் அடிப்பாகத்தைக்கூட ஆராய்ந்து பார்க்கும் இவ்விதியை எவரும் அடக்குமுறை என்று அழைப்பதில்லை.

அங்கே பெண்கள் தொடக்கத்தில் எவ்வாறு ஆடினார்கள் என்பதும் சிந்திக்கத்தக்கது. பெண்கள் ஒற்றையர் போட்டி 1884இல் தொடங்கியது. டொரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1903க்கும் 1914க்கும் இடையில் ஏழு முறை பட்டம் வென்றார். கணுக்கால்வரை நீண்ட உடையில்தான் வென்றார். 1919இல் பிரான்சு நாட்டின் சுசான் லெங்லென் முன்கைகள் தெரியும்படி, கெண்டைக்கால் அளவுக்கே வரும் உடையில் வந்தபோது ஆங்கிலச் சமூகம் அதிர்ந்தது. எனவே, "உடலை மூடிக்கொண்டு டென்னிஸ் ஆட முடியுமா?" என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு விம்பிள்டனின் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளே பதிலாகும்.

மூடினாலும் குற்றம்

"அது வெறும் நிறத்தைப் பற்றிய விதிதானே?" என்று சிலர் வாதிடுவர். அவர்களுக்கு 1985ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அமெரிக்காவின் ஆன் ஒயிட் கழுத்து முதல் கணுக்கால் வரை உடலோடு ஒட்டிய முழு உடை அணிந்து அங்கே ஆட வந்தார். நிறம் தூய வெள்ளை. நிற விதியில் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் இருட்டினால் பாதியில் நின்றது. மறுநாள் அவ்வுடையில் வர வேண்டா என்று தலைமை நடுவர் சொல்லிவிட்டார். அவரும் வழக்கமான குட்டை உடைக்கு மாறி வந்து ஆடித் தோற்றார்.

உடலோடு ஒட்டிய அவ்வுடை நம் ஹிஜாபின் அளவுகோலுக்கு உட்பட்டதன்று; அதை முன்மாதிரியாகவும் காட்டவில்லை. பெண்ணின் உடை எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதையே சுட்டுகிறோம். 2018இல் பிரெஞ்சு ஓப்பன் போட்டியில் செரீனா வில்லியம்ஸ் கறுப்பு நிற முழு உடை அணிந்தார். மகப்பேற்றுக்குப் பின் இரத்தக்கட்டியால் துன்புற்ற அவருக்கு அது உடல்நலத் தேவையாகவும் இருந்தது. இனி அத்தகைய உடை ஏற்கப்படாது என்று அந்நாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர் அறிவித்தார். அதே பிரான்சு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டு வீராங்கனைகள் ஹிஜாப் அணியக் கூடாது என்றது. அதை அறிவித்த விளையாட்டு அமைச்சர் ஒரு முன்னாள் டென்னிஸ் வீராங்கனை!

விதிகள் மாறவே மாறாதவையும் அல்ல. செரீனாவின் நிகழ்வுக்குப் பின், 2019 முதல் பாவாடை இல்லாமல் முழுநீளக் காலுறை ஆடையுடன் ஆடலாம் என்று பெண்கள் டென்னிஸ் சங்கம் தெளிவுபடுத்தியது. மாதவிடாய் நாள்களில் வெள்ளை உள்ளாடை தரும் அச்சத்தைப் பெண்கள் எடுத்துரைத்ததால், 2023 முதல் அடர்நிற உள்காற்சட்டை அணிய விம்பிள்டனும் இசைந்தது. கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2014இலும், கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் தலைமூடலை அனுமதித்தன. மொரோக்கோவின் நுஹைலா பென்சினா 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஹிஜாபுடன் ஆடினார். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நாம் கேட்டோமா?

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் பக்கம் திரும்புவோம். 2003ஆம் ஆண்டு விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை வென்றபோது சானியா மிர்சாவுக்கு வயது பதினாறு. 2005இல் அவருடைய குட்டைப் பாவாடையைக் கண்டித்து மார்க்க அறிஞர் ஒருவர் சொன்னது நாடெங்கும் செய்தியாயிற்று; கொல்கத்தாவில் நடந்த போட்டியில் பலத்த காவலுக்கு நடுவே அவர் ஆட நேர்ந்தது. 2015இல் மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்து விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். 2022இல் துனீசியாவின் ஒன்ஸ் ஜபர் அரபுலகப் பெண்களில் முதலாமவராக அதன் ஒற்றையர் இறுதிப்போட்டியில் ஆடினார். அவர் நாட்டில் அன்று ஹஜ்ஜுப் பெருநாள். அடுத்த ஆண்டும் இறுதிவரை சென்றார்.

இவர்களின் உடை குறித்த கணக்கு இவர்களுக்கும் இறைவனுக்கும் இடையிலானது. நம்மிடம் கேட்கப்படும் கணக்கு வேறு. சானியாவின் பாவாடையைப் பற்றி அன்று தேநீர்க் கடைதோறும் பேசிய நாம், பாவாடை அணியாமல் நம் மகள் ஆடுவதற்கு ஓரிடத்தையேனும் அமைத்துக் கொடுத்தோமா? கண்டிக்க நூறு பேர் கிடைத்த சமுதாயத்தில் முழுக்கால் சட்டை தைத்துக் கொடுக்கப் பத்துப் பேர் கிடைத்தார்களா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் நம் பிள்ளைகளின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஏழாம் வகுப்புவரை வளையப்பந்தும் கோ-கோவும் ஆடிய சிறுமி, குறுவட்டப் போட்டிக்குச் செல்லும் வயதில் அணியிலிருந்து விலகுகிறாள். அரைக்கால் சட்டை அணிய வேண்டும் என்கிறது பள்ளி; அப்படியானால் ஆட்டமே வேண்டா என்கிறது வீடு. இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி உண்டா என்று பள்ளியிடம் போய்க் கேட்க எவரும் இல்லை. அவளுடைய அண்ணனோ இஷாத் தொழுகைக்குப் பின் வாடகை கொடுத்து, மின்விளக்கு வெளிச்சத்தில் செயற்கைப் புல்தரையில் கிரிக்கெட் ஆடிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறான். அவனுடைய உடையையோ நேரத்தையோ எவரும் விசாரிப்பதில்லை.

பார்வையைத் தாழ்த்தும் கட்டளையைச் சூரா அந்நூர் 30ஆவது வசனத்தில் முதலில் ஆண்களுக்கே இறைவன் விதித்தான். பெண்களுக்கான கட்டளை 31ஆவது வசனத்தில் வருகிறது. நாமோ இரண்டாவதை மகளுக்குச் சொல்லிவிட்டு, முதலாவதை மகனுக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

எழும் மறுப்புகள்

"பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அதில் ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தினார்கள். இது அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளது. உடன் வந்தவர்கள் முன்னே செல்லுமாறு அனுப்பப்பட்டார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. கண்ணியமும் பேணப்பட்டது; ஓட்டமும் நடந்தது. ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

"நம்மூர்ப் பிள்ளை விம்பிள்டனுக்கா போகப்போகிறாள்?" என்று சிரிப்போரும் உண்டு. தென்காசிப் பகுதியைச் சேர்ந்த டி.கே. இராமநாதன் தம் மகனுக்குத் தாமே பயிற்சி அளித்தார். அம்மகன் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் அரையிறுதிவரை சென்றார். 1979இல் பேரன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அவர்களுக்கும் முன்பே, 1939இல் அங்கே காலிறுதியை எட்டிய முதல் இந்தியர் கௌஸ் முகம்மது. சானியாவுக்கும் தந்தையே பயிற்சியாளராக நின்றார். பிள்ளையின் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்ற தந்தையரின் வரலாறு இது. நம் மகள் விம்பிள்டனுக்குப் போகாவிட்டாலும் குறையில்லை. பதினைந்து வயதில் மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறவும், தோற்றபின் மீண்டும் எழுந்து நிற்கவும் அவள் கற்றுக்கொண்டால் அதுவே பெரும் பேறு.

"இது முஸ்லிம்களின் தனிப்பட்ட கோரிக்கை" என்று பள்ளிகள் தட்டிக்கழிக்கக் கூடும். அதுவும் சரியன்று. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் மலையாளிப் பழங்குடித் தாய் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பருவமெய்திய மகள் அரைக்கால் சட்டையுடன் ஊர் பார்க்க ஓடுவதில் அவருக்கும் தயக்கம் இருக்கலாம். அந்தத் தயக்கத்தை மதித்து ஓர் உடையை அனுமதித்தால் மலைப்பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே அணியில் ஆடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். அடுத்த கூட்டத்துக்கு நேரில் செல்லுங்கள். விளையாட்டு அணியின் நிறத்திலேயே முழுக்கால் சட்டை, முழுக்கை மேலாடை, தலைத்துணி அணிய அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்; தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். உடற்கல்வி ஆசிரியரைப் பகைவராகக் கருதாமல் பேசுங்கள். நல்ல ஆட்டக்காரியை இழப்பதில் அவருக்கும் வருத்தம் உண்டு. மஹல்லாவில் தையல் அறிந்த சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். ஜமாஅத் துணி வாங்கிக் கொடுத்தால் ஓர் அணிக்கான உடை ஆயத்தமாகிவிடும்.

ஊர்தோறும் ஷாதி மஹால்கள் உள்ளன. திருமணம் இல்லாத நாள்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அவற்றின் முற்றத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடலாம். வளையப்பந்துக்கு ஒரு வலையும் ஒரு ரப்பர் வளையமும் சிறிதளவு இடமும் போதும். தாய்மார் மேற்பார்வை செய்யட்டும். இதற்கு அரசாணையும் தேவையில்லை, அயல்நாட்டுப் புல்லும் தேவையில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் சாவியைக் கொடுத்தால் போதும்.

அதன் பிறகு, பிறருடைய மகள்களின் உடையைப் பற்றிப் பேசும் எண்ணம் எவருக்கேனும் மிஞ்சியிருந்தால் பேசிக்கொள்ளட்டும். நம் பிள்ளைகளின் கண்ணியத்தையும் உடல்நலத்தையும் ஒருசேரக் காக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.