பாசிமணி வியாபாரம்: நிறுத்து விற்பதா, அளந்து விற்பதா?

நெல் வாங்கும்போது நம் வியாபாரிகள் ஒரு கிலோவுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தராசைப் பார்ப்பார்கள், ஈரப்பதம் பார்ப்பார்கள், சாக்கின் நிறையையும் கழிப்பார்கள். அதே நெல்லை விற்ற வீட்டுப் பெண் பிளவுஸ் வேலைக்குக் கண்ணாடி மணி வாங்க வந்தால், போத்தல் மூடியால் அள்ளி ஒரு பையில் கொட்டிக் கொடுக்கிறோம். இந்த மூடி வியாபாரத்தை நாம் நிறுத்த வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

இதைச் சில்லறை விடயம் என்று நினைக்க வேண்டாம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வன்னியில் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அண்மைக் காலமாக ஆரி வேலையும் அதோடு சேர்ந்துவிட்டது. கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வவுனியாவுக்கு மணியும் சமிக்கியும் கல்லும் தேடி வருகிறார்கள். ஃபேன்சி சாமான் மொத்தமாகக் கொடுப்பவன் என்ற வகையில் இதை நான் தினமும் பார்க்கிறேன்.

முகத்தல் அளவை என்பது நமக்குப் புதிதல்ல. நெல்லே ஒரு காலத்தில் புசல் கணக்கில்தான் போனது. புசல் என்பது கொள்ளளவு. பின்னர் ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 20.9 கிலோ என்று கணக்கு வைத்தார்கள். ஆனால் பதர் கூடிய நெல் புசலை நிரப்பும், நிறை இருக்காது. ஈர நெல்லில் நிறை இருக்கும், அரிசி இருக்காது. அதனால்தான் நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதம் 14 வீதத்திற்கு மேற்படக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறது. நாம் நோன்புப் பெருநாளைக்குக் கொடுக்கும் ஃபித்ராவின் ஸாஉவும் கொள்ளளவுதான். அதைக் கிலோவுக்கு மாற்றும்போது ஒருவர் இரண்டரை என்பதும் மற்றவர் மூன்று என்பதும் இதனால்தான். தானியத்துக்குத் தானியம் கனம் வேறுபடுகிறதே!

கண்ணாடிக்கு ஈரப்பதச் சிக்கல் இல்லை. மழைக்காலத்தில் நிறுத்தாலும் வெயில் காலத்தில் நிறுத்தாலும் ஒரே நிறைதான். ஆகவே மணியை நிறுத்து வாங்குவதே சரி. மூடியில் அளந்தால், கோபுரமாக அள்ளுவது ஒரு அளவு, தலை தட்டி அளப்பது இன்னொரு அளவு. ஒரு தட்டுத் தட்டினால் மணி கீழே இறங்கிவிடும். நீளக் குழாய் மணி என்றால் இன்னும் மோசம். ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று, மூடியில் பாதி வெறும் காற்றாகவே இருக்கும்.

ஆனால் நிறையை மட்டும் நம்பினாலும் போதாது. சீன மணி பெரும்பாலும் 450 கிராம் பக்கற்றாக வருகிறது. அது ஒரு இறாத்தல் கணக்கு. நம் பக்கத்தில் அதை "அரைக் கிலோ பக்கற்" என்றே கேட்கிறார்கள், அப்படியே விற்கிறார்கள். அரைக் கிலோ என்று நம்பி வாங்கும் சில்லறைக் கடைக்காரர் பத்துக் கிராம் வீதம் 50 பக்கற் போடலாம் என்று விலை கட்டுகிறார். கிடைப்பதோ 45. அந்த ஐந்தை எங்கே ஈடு செய்கிறார்? சின்ன மூடியில்தான். ஆகக் கடைசியில் நட்டப்படுவது ஊசி பிடிப்பவள்.

அடுத்தது எண்ணிக்கை. அதே 450 கிராமில் 2 மில்லிமீற்றர் மணி ஏறக்குறைய 30,000 இருக்கும். 3 மில்லிமீற்றர் என்றால் 10,000. 4 மில்லிமீற்றர் என்றால் 4,500 அளவில்தான். பத்துக் கிராமுக்கு முறையே 660, 220, 100 என்று வைத்துக்கொள்ளலாம். தைப்பவருக்குத் தேவை எண்ணிக்கை. கழுத்தைச் சுற்றி இத்தனை வரி, வரிக்கு இத்தனை மணி என்றுதான் அவர் கணக்குப் பார்ப்பார். "நானா, ரெண்டு மூடி காணுமா?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு வேலை முக்காலில் மணி முடிந்துவிட்டால், திரும்பி வரும்போது அதே தொகுதி இருக்காது. அடுத்த தொகுதியின் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். கலியாண பிளவுஸில் அது பளிச்சென்று தெரியும். கூலியைக் குறைத்துக் கொடுப்பார்கள், அல்லது பிரித்துத் தைக்கச் சொல்வார்கள்.

இவ்வளவு சொன்னாலும் அந்த மூடியை எறிந்துவிட வேண்டாம். வாங்கும் இடத்தில் அதற்கு நல்லதொரு வேலை இருக்கிறது. கண்ணாடி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு கனம். அக்ரிலிக் பிளாஸ்டிக் 1.2 மடங்குதான். நம்பகமான கண்ணாடி மணியை ஒரு மூடியில் தலை தட்டி நிரப்பி, நிறுத்து, நிறையை எழுதி வையுங்கள். புதுச் சரக்கு வரும்போது அதே பருமன் மணியை அதே மூடியில் நிரப்பி நிறுங்கள். பாதி நிறைதான் காட்டுகிறதா, அது பிளாஸ்டிக். கொஞ்சம் மட்டும் குறைகிறதா, கலப்படமா அல்லது துளை பெரிய மணியா என்று பாருங்கள். கொள்ளளவு தனியாகவும் ஏமாற்றும், நிறை தனியாகவும் ஏமாற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏமாற்றுவது கஷ்டம். புறக்கோட்டையில் சாமான் எடுக்கப் போகிறவர்கள் மூடியையும் சின்னத் தராசையும் பையில் வைத்துக்கொண்டு போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைத் தராசுகள் பல ஐந்து கிராம் படியில்தான் காட்டும். அதில் பத்துக் கிராம் மணி நிறுப்பது வெறும் கண்துடைப்பு. நகைக்கடைக்காரர் பாவிக்கும் வகைத் தராசு வேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையும் அதற்கு வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நெல்லுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைப் பற்றி ஸூரா முதஃப்பிஃபீன் சொல்வதை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

இப்போது நான் கொடுக்கும் சிறு பக்கற்றுகளில் நான்கு விடயம் எழுதுகிறேன்: பையின் நிறை நீங்கலான நிறை, மணியின் பருமன், ஏறக்குறைய எத்தனை மணி, எந்தத் தொகுதி. கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவர், "இப்படி எழுதினா அடுத்த கடையோட விலைய ஒப்பிட்டுப் பார்ப்பாங்களே நானா" என்று குறைப்பட்டார். பார்க்கட்டும் என்றேன். அவர் அந்த முறை அரைவாசிச் சரக்குத்தான் எடுத்தார். மிச்சத்தை மூடிக் கணக்கில் விற்பவரிடம் வாங்கியிருப்பார் போலும்.