கிள்ளுக்கீரையா அது?



"என்னை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?" பெரியவர்கள் கோபத்தில் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'யார் வேண்டுமானாலும் கிள்ளலாம், கேட்க ஆளில்லை' என்பது அதன் பொருள். வகுப்பில் யாரிடமும் அதிகம் பேசாத ஒருவரை நாமும் சில நேரம் அப்படித்தானே நடத்துகிறோம்?

அந்தக் கீரையை ஒருமுறை நீங்களே வளர்த்துப் பாருங்களேன்.

தோட்டம் இல்லையா? பழைய பிளாஸ்டிக் வாளி போதும். அடியில் நாலைந்து துளை போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். அரைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலுடன் கலந்து தூவினால்தான் பரவலாக விழும். பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். சொம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்!

ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நெருக்கமாக இருப்பவற்றைப் பிடுங்குங்கள். அதையும் பருப்பில் போடலாம். சுமார் 25 நாளில் கிள்ளத் தயாராகிவிடும். அடியில் நாலு விரற்கடைத் தண்டையும் சில இலைகளையும் விட்டுவிட்டு, நுனியைக் கிள்ளுங்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. ஒவ்வோர் இலைக் காம்பின் இடுக்கிலும் ஒரு குட்டி மொட்டு உறங்குகிறது. நுனியில் சுரக்கும் 'ஆக்சின்' அதை வளரவிடாமல் தடுக்கிறது. நுனி போனதும் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு தளிர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று கிளம்பும். இப்படியே பல வாரங்கள் கிள்ளலாம். கிள்ளாமல் விட்டால் பூத்து, விதை கட்டி, இலை குறைந்துவிடும்.

அதற்காக, துளிர்க்கிறதே என்று ஒட்ட மொட்டையடித்தால் செடி பட்டுப்போகும். எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது வளர்த்தவருக்குத்தான் தெரியும்.

இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தருகிற கீரை இது. இதிலுள்ள பீட்டா கரோட்டினிலிருந்துதான் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யை நம் உடல் தயாரித்துக்கொள்கிறது. இதையா அற்பம் என்கிறோம்?

நீங்கள் வளர்த்த கீரை முதல்முதலில் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் நாளில், வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த நண்பரையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். கீரையும் கிள்ளுக்கீரை அல்ல, அவரும் அல்ல.

அன்புடன்,
ஆசிரியர்