பதின்மூன்று சீட்டுகள்

வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்தைச் சூழ்ந்துகொள்ளும் நாட்களில் தெருவில் நீர் நிற்கும். மின்சாரம் போய்ப் போய் வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. இத்தகைய பொழுதுகளில் கூடத்தில் பாய் விரித்து, பாட்டி முதல் பேரன் வரை வட்டமாக அமர்ந்து ரம்மி ஆடும் வீடுகள் உண்டு. ஆருத்ரா தரிசனத்திற்காகச் சிதம்பரத்தில் கூடும் உறவினர்களிடையேயும் யாரேனும் ஒருவர் பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளிவரும். வெற்றி தோல்விக் கணக்குக்குப் புளியங்கொட்டை போதும்.

சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. அவ்வச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலாது. திருக்குறளில் 'சூது' 94ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது 'கள்ளுண்ணாமை', பின் நிற்பது 'மருந்து'. அந்த வரிசையே ஒரு கருத்துரை போலத் தோன்றுகிறது. பாஞ்சாலி சபதத்தில் சூதாட்டத்திற்கெனத் தனிச் சருக்கமே அமைத்த பாரதி, 1918இல் புதுவையிலிருந்து வெளியேறியபோது கைதாகி அடைக்கப்பட்டது கடலூர்ச் சிறையில்தான்.

ஆயினும் விளையாட்டு வேறு, சூது வேறு. ரம்மியில் ஒவ்வொருவர் கைக்கும் 13 சீட்டுகள் வரும். அவற்றை ஒரே இனத்தின் தொடர் எண்களாகவோ, வெவ்வேறு இனத்தின் ஒரே எண்ணாகவோ சேர்க்க வேண்டும். ஜோக்கரின் துணையில்லாத தொடர் ஒன்றேனும் இருந்தாக வேண்டும்; அதனை ஆடுவோர் 'ஒரிஜினல்' என்பர். எந்தச் சீட்டு வரும் என்பது நல்லூழ். வந்ததை என்ன செய்வது என்பது அறிவு. 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து 13 சீட்டுகள் அமையும் வழிகள் 63,501 கோடிக்கும் மேல். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் சேர்வுகளைப் பயில்வோர் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

இரண்டு கட்டுகளைக் கலந்து ஆடும்போது ஒருவர் கையில் ஆட்டின் ஆறும் ஏழும் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து வந்தாலும் எட்டு வந்தாலும் தொடர் நிறைவுறும். ஜோக்கரை நீக்கிப் பார்த்தால் பயன்படும் சீட்டுகள் நான்கு. ஆறும் எட்டும் இருந்தால் ஏழு மட்டுமே வேண்டும், அவை இரண்டே. எதிரில் இருப்பவர் ஓர் ஏழை எடுத்துக்கொண்டதைக் கவனித்தவர், தம் எட்டை விடுவதா வைத்திருப்பதா என மீண்டும் எண்ணுவார். கை மோசமாக அமைந்தால் தொடக்கத்திலேயே 'ஸ்கூட்' சொல்லி விலகுவதும் அறிவே. சிறுவர்க்கு நினைவாற்றலையும் பொறுமையையும் இவ்வளவு இனிமையாகக் கற்பிக்கும் பாடம் அரிது. ஆகவே சீட்டுக்கட்டை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. விரட்ட வேண்டியது பந்தயப் பணத்தை.

விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தலும், எதை வைப்பது எதை விடுவது என்று தேர்தலும் ரம்மிக்குத் தேவை என்பதால், அது பெரிதும் திறன் சார்ந்த ஆட்டமே என்று ஆந்திர மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அம்முடிவை, பின்னாளில் பணம் வைத்து ஆடும் கைப்பேசி நிறுவனங்கள் கேடயமாக ஏந்தின. கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டோரைப் பற்றிய செய்திகள் பெருகவே, தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. சட்டம் செல்லும், ஆனால் ரம்மியை அதிர்ஷ்ட ஆட்டமாகக் கொண்டு தடுக்க இயலாது என 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ரம்மிக்குத் திறன் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறன் இருப்பதனாலேயே பணயம் தீங்கற்றதாகிவிடுமா? சகுனியிடம் இருந்ததும் திறன்தான். தருமன் நாடிழந்தது அதனால்தான். முழுவதும் அதிர்ஷ்டமே என்று அறிந்தவன் சில முறை இழந்ததும் எழுந்து போகக்கூடும். 'என்னிடம் திறன் உண்டு, அடுத்த ஆட்டத்தில் மீட்பேன்' என்று நம்புகிறவன் எழுவதில்லை. திறன் என்னும் சொல்லே அவனுக்குத் தூண்டில்.

கூடத்து ஆட்டத்தில் எதிரில் ஒரு முகம் இருக்கிறது. தோற்ற சிறுவனின் உதடு துடிப்பதைக் கண்டு அத்தை வேண்டுமென்றே ஒரு நல்ல சீட்டை விடுவாள். விதிப்படி அது பிழை, வீட்டில் அது வழக்கம். கைப்பேசித் திரையில் இருப்பவர் யாரென்றே தெரியாது. இழப்பு வெறும் எண்ணாக வந்து மறையும். பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடிவைக்கத் தமிழ்நாடு 2025இல் தனி விதி வகுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றை முற்றிலும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கூடத்தில் அந்த வேலையை, சோறு ஆறுகிறது என்று அடுக்களையிலிருந்து வரும் ஒரு குரலே செய்துவிடுகிறது. சீட்டுகள் கட்டுக்குள் போகும். புளியங்கொட்டைகள் டப்பாவுக்குத் திரும்பும்.