கெட்ட மூளை என்று ஒன்று உண்டா?

பழைய பேய்ப்படங்களைப் பற்றியும் அவற்றின் மூல நாவல்களைப் பற்றியும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று இரண்டு படம், இரண்டு புத்தகம். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1931-ல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் ஒரே வருடத்தில் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் வெளியிட்டது. முதலாவதில் பேலா லுகோசி, இரண்டாவதில் போரிஸ் கார்லாஃப்.

டிராகுலாவைப் பொறுத்தவரை என் ஓட்டு புத்தகத்துக்குத்தான். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதியது. கடிதங்களும் நாட்குறிப்புகளுமாகவே கதை நகரும். படம் மேடை நாடகத்தை ஒட்டி எடுக்கப்பட்டதால் பாதிக்கு மேல் வரவேற்பறைப் பேச்சு. இரண்டிலும் தீமை எங்கோ தூரத்து மலைக்கோட்டையிலிருந்து வருகிறது. பூண்டும் சிலுவையும் இருந்தால் தப்பிக்கலாம்.

ஃபிராங்கன்ஸ்டைன் அப்படியல்ல. தீமை நம் கையாலேயே உண்டாகிறது. (அது பூதத்தின் பெயர் இல்லை, அதைப் படைத்தவனின் பெயர்.) மேரி ஷெல்லி இதை எழுதத் தொடங்கியபோது வயது 18. நூல் வெளிவந்தது 1818-ல். படத்தில் கார்லாஃபின் நடிப்புக்கு ஈடில்லை. வசனமே இல்லாமல், மேலிருந்து விழும் வெளிச்சத்தை நோக்கிக் கைகளை நீட்டுவாரே, அந்த ஓர் இடம் போதும்.

ஆனால் படத்தின் ஒரு மாற்றத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். ஆக, பூதம் கொலை செய்வதற்குக் காரணம் 'கெட்ட மூளை' என்றாகிவிடுகிறது. நாவலில் இப்படி ஒரு ஜாடியே கிடையாது. கண் திறந்ததும் படைத்தவன் அருவருத்து ஓடிவிடுகிறான். அதுதான் நடந்த முதல் குற்றம்.

அதன் பிறகு அவன் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருக்கிறான். உள்ளே ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குப் பாடம் நடக்கிறது. சுவர் இடுக்கு வழியாகக் கேட்டே பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறான். மில்டனைக்கூடப் படிக்கிறான். அந்த வீட்டில் அவனிடம் அன்பாகப் பேசியவர் பார்வையற்ற பெரியவர் ஒருவர்தான். கண் தெரிந்த மகன் வந்ததும் அடித்துத் துரத்துகிறான்.

ஆசிரியர் அறைகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "அவன் மண்டையில ஒண்ணும் ஏறாது" என்பது. ஜாடிக் கதையும் இதுவும் ஒன்றுதான். மூளையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் கற்றுத்தர வேண்டியவனுக்கு வேலை முடிந்தது. பெஞ்சில் இடமில்லாமல் சுவருக்கு வெளியே நின்றவன் எவ்வளவு கற்றான் என்று மேரி ஷெல்லி காட்டுகிறார். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாவலையும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று. படத்தில் ஒரு சிறுமி அவனுக்குப் பூக்கள் தந்து, ஏரியில் மிதக்கவிட்டு விளையாடுவாள். பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நம்பித் தூக்கிப் போட்டுவிடுவான். கொடூரம் என்று அந்தப் பகுதியை வெட்டினார்கள். அவன் கையை நீட்டுவதோடு காட்சி நின்றது. அவன் அறியாமல் செய்தது போய், பார்த்தவர்கள் அதைவிட மோசமாக ஏதேதோ கற்பனை செய்துகொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது. முழுவதையும் கேட்காமல் ஒரு பிள்ளையைத் தண்டித்தாலும் இப்படித்தான்.

1935-ல் வந்த இரண்டாம் பாகத்தையும் பாருங்கள். அதில் அவனுக்குப் பேச்சு வரும். கற்றுத்தருபவர், அங்கேயும், பார்வையற்ற ஒரு துறவி.

தமிழில் படிக்க விரும்புவோர் புதுமைப்பித்தன் தந்த 'பிரேத மனிதன்' தேடிப் பாருங்கள். இதே கதைதான். பேரப்பிள்ளைகளோடு படம் பார்ப்பவர்கள், முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் யார் மேல் தப்பு?" அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.