தோட்டத்து வீட்டின் உள்ளழகு

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்பது முதுமொழி. இரண்டிலும் செலவு பெரிது. இரண்டிலும் பிழை நேர்ந்தால் அப்பிழையோடு நெடுங்காலம் வாழ வேண்டியும் வரும்.

நம்மிடம் முன்னாளிற் பயின்ற அன்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டு வரைபடம் ஒன்றுடன் நம்மைக் காண வந்தார். கடல் கடந்த நாடொன்றிற் பல்லாண்டு உழைத்தவர். வன்னியிலே, தந்தையார் பயிரிட்ட வயற்கரையில், போரில் இடிந்த பழைய வீடு நின்ற வளவில், சிறு வீடொன்று அமைக்க எண்ணியுள்ளார். ஆண்டுக்கு ஒரு மாதம் தாம் வந்து இளைப்பாறவும், எஞ்சிய பதினொரு மாதமும் முதிய அன்னையார் வாழவும் அவ்வீடு. நாம் கட்டிடக்கலை கற்றவர் அல்லோம். எனினும் பழைய வீடுகளைத் தேடிப் பார்ப்பதில் நமக்குள்ள விருப்பை அவர் அறிவார். "சேர், உள் அலங்காரத்தை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

பார்த்தோம். நடு மண்டபம் திறவாத கண்ணாடிகளால் அடைபட்டிருந்தது. உள்ளே குளிரூட்டி, மேலே கூரையை மறைக்கும் தாழ்ந்த தட்டு, சுவர் முழுதும் ஒரு கானகத்தின் பெரிய படம். வெளியே உண்மைக் கானகம் நிற்க, உள்ளே அதன் படத்தை மாட்டுவதேன் என வினவினோம். அவர் சிரித்தார், ஆயினும் விடை கூறவில்லை.

இயற்கையோடு இயைந்த வீட்டின் உள்ளழகு கடையில் வாங்கும் பொருளிலே தொடங்குவதன்று. யன்னலுக்கு வெளியே தொடங்குவது. இதனை நம் நாட்டிலே செய்து காட்டியவர் ஜெப்ரி பாவா (1919–2003). சட்டம் பயின்ற அவர், பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக்கரையில் இருந்த றப்பர்த் தோட்டமொன்றை 1948இல் வாங்கினார். அதுவே லுணுகங்கை. அத்தோட்டத்தைத் திருத்தும் ஆர்வமே அவரைக் கட்டிடக்கலை பயிலத் தூண்டியது. 1957இல், தமது 38ஆம் வயதில், அவர் அத்துறையிலே தகுதி பெற்றார். வீட்டிலிருந்து தெற்கே நோக்கினால் வாவியை ஒரு குன்று மறைத்தது. அதன் உச்சியைத் தாழ்த்தி வாவியைக் கண்ணுக்குக் கொணர்ந்தார். குன்றின் மேல் மரத்தடியிலே பெரிய சாடி ஒன்றை வைத்தார். சாடி, நீர், அக்கரையிலுள்ள தாதுகோபம் என்று பார்வை படிப்படியாய்ச் செல்லும். அவ்வீட்டுக்கு அதனினும் மேலான சுவர்ப்படம் வேண்டுமோ?

நிக்கவெரட்டியாப் பகுதியிலுள்ள பொலொந்தலாவையில், தென்னந்தோட்ட முகாமையாளர் ஒருவருக்காக, 1960களில் அவரும் டென்மார்க்கினரான உல்ரிக் பிளெஸ்னரும் ஒரு வீடு அமைத்தனர். பெரும் பாறைகள் குவிந்த இடத்தையே அவர்கள் விரும்பித் தெரிந்தனர். பாறை எதனையும் உடைத்தாரல்லர். பாறைகளே சுவராயின, கூரையின் உத்தரங்களையும் அவை தாங்கின. அங்கே உள் எது, வெளி எது என்று பிரித்துரைத்தல் அரிது.

இவையெல்லாம் நமக்குப் புதியன அல்ல. நம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைமின். நடுவிலே முற்றம், நாற்புறமும் சாய்ந்த கூரையினின்றும் மழை முற்றத்திலே இறங்கும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அறைகளினூடே புதுக்காற்று உள்வரும். ஒளியும் காற்றும் மழையும் அழையாமலே வந்து போயின. பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலே எனா த சில்வாவுக்குக் கட்டிய வீடும் முற்றத்தைச் சூழ்ந்ததே. கொழும்பிலுள்ள தமது சொந்த வீட்டில் அவர் நிறுத்திய தூண்களுள் சில செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வந்தவை.

ஆகவே அன்பருக்கு நாம் கூறியவை இவை. சோளகமும் வாடையும் வரும் திசைகளை அறிந்து, யன்னல்களை எதிரெதிரே வைத்தல் வேண்டும். மேற்குச் சுவரிலே திறப்புக் குறைவாக இருத்தல் நன்று. மாலை வெயிலே கொடியது. கூரையின் இறவாரம் மூன்று நான்கு அடி வெளியே நீண்டால் வெயிலும் சாரலும் சுவரைத் தீண்டா. தாழ்ந்த தட்டை நீக்கிக் கூரையை உயர விட்டால் வெப்பம் தலைக்கு மேலே தங்கும். தரைக்குச் செந்நிறச் சீமெந்து மெழுக்கு. வெறுங்காலுக்கு அது குளிர்ச்சி தரும். வைரம் ஏறிய பனைமரத்தைக் கறையான் எளிதில் அரிக்காது. சுவருக்கு வெள்ளை, இருக்கைக்கு ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு வாங்கு, சில பனையோலைப் பாய்கள். பொருள் குறையக் குறைய வெளியிலுள்ள பச்சை உள்ளே நிறையும்.

இயற்கை என்பது மலரும் குயிலும் மட்டுமன்று. நுளம்பும் பாம்பும் அதனுள் அடங்கும். யன்னல்களுக்கு வலை அடித்தலும், சுவரை ஒட்டிச் செடி வளராது காத்தலும், இரவிலே வாயிற்படியில் விளக்கிடுதலும் மறவற்க.

"வாறவை பார்த்து, காசில்லாமல் கட்டினான் எண்டு நினைப்பினமே, சேர்" என்றார் அன்பர். அவர் மனத்தை உறுத்தியது அதுவே. 2022ஆம் ஆண்டை அவருக்கு நினைவூட்டினோம். நாளொன்றுக்கு 13 மணிவரை மின்வெட்டு இருந்த காலம் அது. திறவாத கண்ணாடி மண்டபத்தில் அந்நாளில் ஒரு முதியவர் தனித்திருந்தால் அவர் நிலை என்னாகும்? அன்பர் நெடுநேரம் பேசவில்லை.

பின்னொருநாள் அவருடைய அன்னையாரைக் கண்டோம். அவருக்கு என்ன வேண்டும் என்று அதுவரை எவரும் கேட்டிலர் போலும். நாம் கேட்டோம். "தம்பி, மழை வாறது தெரியிற இடத்திலை என்ரை கட்டிலைப் போட்டால் போதும்" என்றார். ஓர் அறிஞர் நூல் முழுவதும் எழுதிச் சொல்லக்கூடியதை அம்மூதாட்டி ஒரு வசனத்திலே சொல்லிவிட்டார்.

வரைபடம் மாறியது. கண்ணாடி மண்டபம் நீங்கி, வயலை நோக்கிய அகன்ற விறாந்தை வந்தது. பேரப்பிள்ளைகளுக்காக ஓர் அறையில் மட்டும் குளிரூட்டி. அதனை நாம் மறுக்கவில்லை. கானகப் படத்தை எங்கே மாட்டுவது என்ற கேள்வி எழவேயில்லை. தை மாதத்தில் அடிக்கல் நாட்டுவதாகச் சொல்லி அன்பர் விமானம் ஏறினார். அடுத்த மாரியின் முதல் மழையை அன்னையார் தம் கட்டிலில் இருந்தவாறே காண்பார் என நம்புகின்றோம்.