ஆசிரியரே நடுவரானால்

பொதுப் பரீட்சை விடைத்தாளில் மாணவன் பெயரை எழுதுவதில்லை, சுட்டெண்ணையே எழுதுகிறான். அதன் காரணத்தை ஆசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ‘போல்ரூம்’ என வழங்கும் மேலைத்தேய இணைநடனப் போட்டிகளிலும் எண் உண்டு. ஆடவனின் முதுகில் அது பெரிதாகக் குத்தப்பட்டிருக்கும். ஆயின் அந்த எண்ணுக்கு மேலே, நடுவர் பல்லாண்டுகளாக அறிந்த முகமொன்றும் இருக்கின்றது. அம்முகத்துக்குரியவர் சென்ற வாரந்தான் அதே நடுவரிடம் கட்டணம் செலுத்திப் பாடங்கேட்டவராகவும் இருக்கலாம்.

இதனை நாம் வசையாகக் கூறவில்லை. அவ்வுலகின் வழமையே இதுதான். இங்கிலாந்தின் கடற்கரை நகராகிய பிளக்பூலில் 1920ஆம் ஆண்டு தொடங்கிய நடனவிழா இக்கலையின் தலையாய அரங்குகளுள் ஒன்று. அங்குள்ள எம்பிரஸ் மண்டபத்தில் ஆடுவதற்குப் பல நாடுகளிலிருந்தும் இணைகள் வந்து குவிகின்றன. இத்தகைய அரங்குகளில் நடுவராக நிற்போர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்கள். ஆட்டத்தை விட்டபின் அவர்களுக்குச் சோறு போடுவது கற்பித்தலே. யாரிடம் கற்கலாமென்று தேடும் இளைஞனோ, நாளை தன்னை மதிப்பிடக்கூடியவரிடமே கற்க விரும்புகிறான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

இவ்வழமையைப் பற்றி வினவினால் நடன உலகத்தார் உடனே தம் கணக்குமுறையைக் காட்டுவர். ‘ஸ்கேற்றிங் முறை’ என்பது அதன் பெயர். பனித்தரைச் சறுக்குநடனத்திலிருந்து பெற்ற பெயர். அது மெச்சத்தக்க முறையென்பதில் ஐயமில்லை. இறுதிச் சுற்றில் நடுவர் புள்ளி வழங்குவதில்லை. இணைகளை முதலாமிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்துகிறார். அவ்விடங்களைக் கூட்டி முடிவு காண்பதுமில்லை. பெரும்பான்மையே முதலில் நோக்கப்படுகிறது. ஏழு நடுவருள் நால்வர் ஓரிணையை முதலாவதாக வைத்துவிட்டால், எஞ்சிய மூவரும் அதனை ஆறாவதாகத் தள்ளினாலும் அந்நடனத்தில் அவ்விணைக்கே முதலிடம். தம் மாணவரின் எதிராளியைக் கடைசியிற் போட்டுக் கூட்டுத்தொகையைக் குலைக்கும் தந்திரம் இங்கே பலியாது.

ஆனால் இக்காவல் ஒருவர் இருவரின் பட்சபாதத்துக்கு எதிரானது மாத்திரமே. ஏழு கண்களும் ஒன்றையொன்று சாராதவை என்னும் நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. பணமுள்ள ஓரிணை அந்த எழுவருள் நால்வரிடமும் பாடங்கேட்டிருந்தால் என்னாவது? கணக்கிற் பிழை வராது. தாளிற் பழுதில்லை, கூட்டலிற் பழுதில்லை. ஒரேயோர் ஆசானிடம் மாத்திரம் கற்க வசதி பெற்ற இணை அமைதியாக வீடு திரும்பும்.

எல்லோரும் இறுதிச் சுற்றையே பேசுகின்றனர். நமக்கோ தொடக்கச் சுற்றுகளே கவலை தருகின்றன. அங்கே பல இணைகள் ஒருங்கே தளத்தில் ஆடுகின்றன. நடுவர் ஓரத்தில் நின்றபடி, அடுத்த சுற்றுக்கு உரியவற்றைத் தெரிந்து குறியிடுகிறார். பன்னிரண்டு இணைகள் ஒன்றரை நிமிடம் ஆடினால் ஓரிணைக்குக் கிடைப்பது ஏழரை விநாடி! அவ்வேளையிற் கண் எங்கே செல்லும்? அறிந்த முகத்தை நோக்கியே செல்லும். தாம் சொல்லிக்கொடுத்த திருப்பத்தை மாணவன் அரைகுறையாகச் செய்தாலும், அவன் செய்ய எண்ணியது என்னவென்பது ஆசானுக்குத் தெரியும். குறையை மனமே நிரப்பிக்கொள்ளும். நேர்மையாளருக்கும் இது நேரும் என்பதே இதிலுள்ள சங்கடம். ஊழலென்றால் தண்டிக்கலாம், இதற்கு எதைச் செய்வது?

இம்முறைக்குப் பெயர் தந்த சறுக்குநடனமே ஒரு பாடத்தை நமக்கு வைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு சோல்ற் லேக் நகர ஒலிம்பிக்கில் இணையர் போட்டியின் தங்கம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரஷ்ய இணைக்குச் சென்றது. தம்மீது அழுத்தம் இருந்ததெனப் பிரான்சிய நடுவர் கூறப்போக, பெருங்குழப்பம் விளைந்தது. கனடிய இணைக்கும் தங்கம் வழங்கப்பட்டது. பின்னர் அந்நடுவர் தம் சொல்லை மாற்றிக்கொண்டார். 2004இல் புதிய புள்ளிமுறை வந்தது. அழுத்தத்திலிருந்து நடுவரைக் காப்பதாகக் கூறி, எவர் எத்தனை புள்ளி இட்டார் என்பதையும் மறைத்துவைத்தனர். அம்மறைப்பு வேண்டாமென 2016இல் அவர்களே தீர்மானித்தனர். திரை போட்டால் அழுத்துபவனுக்குத்தான் வசதி என்பதை அறிய இத்தனை ஆண்டுகள் சென்றன.

ஆசிரியர்களை நடுவராக்கவே கூடாதென்று சிலர் கூறுவர். அஃது ஏற்கத்தக்கதன்று. வோல்ற்ஸ் நடனத்தின் ஏற்ற இறக்கத்தைக் காலால் அறிந்தவரேயன்றி வேறெவர் அதனை மதிப்பிடுவர்? தொடர்பை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும், தம் மாணவர் ஆடும் சுற்றில் விலகி மாற்று நடுவருக்கு இடம் விடுவதுமே செய்யத்தக்கது. உறவினர் ஆடினால் நடுவர் விலகவேண்டுமென்பது பலரும் ஒப்பும் நியாயம். குருதியுறவு கண்ணை மறைக்குமென்போர், கட்டணவுறவு மறைக்காதென எங்ஙனம் துணிவர்?

அவ்வாறு விலகத் தொடங்கினால் நடுவரே மிஞ்சமாட்டார், அது அத்துணைச் சிறிய உலகம் என்று விடை வருமாயின், அவ்விடையே நிலைமையைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு நடுவரும் இட்ட இடங்கள் இறுதிச் சுற்றின் பெறுபேற்றுத் தாளில் நிரல் நிரலாகக் காணப்படுகின்றன. அவ்வாண்டில் அவரிடம் கட்டணம் கொடுத்துக் கற்ற இணைகளின் எண்களையும் அதன் பக்கத்தில் அச்சிடலாம். தாளில் அதற்கு இடமுண்டு.