கேட்ட புத்தகமும் கிடைத்த புத்தகமும்

சென்னைப் புத்தகக் காட்சியில் 2023ஆம் ஆண்டு தமிழகச் சிறைத்துறை ஓர் அரங்கு அமைத்தது. ‘கூண்டுக்குள் வானம்’ என்று பெயர். சிறை நூலகங்களுக்கு வாசகர்களிடமிருந்து நூல்களைக் கொடையாகப் பெறுவது நோக்கம். நல்ல முயற்சி, ஐயமில்லை. ஆனால் இத்தகைய அழைப்பு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? அலமாரியைத் திறந்து, இனிப் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தவற்றையெல்லாம் கட்டுகிறோம். காலாவதியான போட்டித் தேர்வு வழிகாட்டி, யாரோ வீட்டுத் திருமணத்தில் தாம்பூலத்தோடு வந்த ஆன்மிகச் சிறுநூல், முதல் பாகம் தொலைந்த நாவலின் இரண்டாம் பாகம். (இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.)

கைதிக்குப் புத்தகம் என்பது மருந்து, அவர் படித்துத் திருந்த வேண்டும் என்கிற எண்ணம் கொடுப்பவரிடமும் இருக்கிறது, கதவருகே நின்று சோதிப்பவரிடமும் இருக்கிறது. வெறுமனே சிரிப்பதற்காக ஒருவர் படிக்க விரும்பினால் இருவருக்குமே சங்கடம்தான். பீமா கோரேகான் வழக்கில் விசாரணைக் கைதியாகத் தலோஜா சிறையில் இருந்த கௌதம் நவ்லாகாவுக்கு பி.ஜி. உட்ஹவுஸின் நூலொன்று மறுக்கப்பட்டது. பாதுகாப்புக்கு ஆபத்தாம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இதனை நகைப்புக்குரியது என்றது. பன்றி வளர்க்கும் அந்தப் பிரபு எந்த மதிலைத் தகர்த்துவிடுவார் என்று நாமும் யோசித்துப் பார்த்தோம், விளங்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் எழுபதுகளில் நடந்தது இன்னும் தெளிவானது. அங்கிருந்த சன்னி வெங்கடரத்தினம் தம்மிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பின்மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, அது தமது சமய நூல் என்று காவலர்களை நம்பவைத்தார். சமய நூல் என்றால் கேள்வியில்லை. நாடகம் என்றால் ஐயம். அந்தப் பிரதி கைமாறிக் கைமாறிச் சென்றது. தோழர்கள் தமக்குப் பிடித்த வரிகளருகே கையொப்பமிட்டார்கள். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று ‘ஜூலியஸ் சீசர்’ பக்கத்தில் ஒப்பமிட்டார். ஒரே புத்தகம்தான், ஆயினும் ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தைத் தாமே தேர்ந்தார்கள்.

பின்னாளில் அவர் பெயரையே தாங்கி 2015இல் ஐ.நா. ஏற்ற சிறை விதிகளில் 64ஆவது விதி, ஒவ்வொரு சிறையிலும் எல்லா வகைக் கைதிகளுக்கும் நூலகம் வேண்டும் என்கிறது. அதில் பொழுதுபோக்கு நூல்களும் அறிவுநூல்களும் போதிய அளவு இருக்க வேண்டும். பொழுதுபோக்கு முதலில் வருவதைக் கவனிக்கலாம். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் 1931இல், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை நூலகவியல் விதிகளுள் ஒன்றாக வைத்தார். மதிலுக்கு உள்ளே இருப்பவருக்கு அவர் விலக்கு எழுதவில்லை.

ஆகவே, நூல் திரட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை ஆயிரம் சேர்ந்தன என்ற கணக்கோடு, உள்ளே இருப்பவர்கள் எவற்றைக் கேட்டார்கள் என்ற பதிவேட்டையும் வையுங்கள். கேட்டவர் பெயர் வேண்டாம், நூலின் பெயர் போதும். அடுத்த புத்தகக் காட்சியில் கொடைப்பெட்டியின் அருகே அந்தப் பட்டியலைத் தொங்கவிடுங்கள். அதைப் பார்த்துப் புதிதாக வாங்கித் தர நாங்கள் சிலர் வருகிறோம்.